வால்வில் சாகும் நீராவி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடைக்கால மின்தேவை குறித்த தங்கள் தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியதை நினைவூட்டி, இனி மின்சாரத்துக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். காற்றாலை, சூரிய ஒளி, வெளிமாநிலக் கொள்முதல் எல்லாம் அதில் இருந்தன. அன்றாடம் எரித்துக்கொண்டிருக்கும் விறகிலும் உமியிலும் கரும்புச் சக்கையிலும் எவ்வளவு கைநழுவிப் போகிறது என்ற கேள்வி மட்டும் இல்லை. முப்பத்தாறு ஆண்டுகள் கொதிகலன் அறையிலும், சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டர் மேடையிலும் நின்றவன் நான். அந்தக் கேள்வியை நானாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் விழுப்புரம் பக்கத்துப் புழுங்கல் அரிசி ஆலை ஏதாவது ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். உமி எரியும் கொதிகலனில் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் நீராவி உண்டாகும். ஆலைக்காரர்கள் பேச்சில் அது ‘பத்து கிலோ ஸ்டீம்’. நெல் அவிப்பதற்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு, மூன்று கிலோ போதும். நடுவில் பி.ஆர்.வி. என்று எல்லாரும் சொல்லும் அழுத்தக் குறைப்பு வால்வு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் நின்றால் அது இடைவிடாமல் சீறுவது கேட்கும். அந்தச் சீறல்தான் அழுத்தம் சாகும் ஓசை. உள்ளே போன வெப்பம் ஏறத்தாழ அப்படியே வெளியே வந்துவிடுவதால், எரிபொருள் கணக்கில் ஒரு ரூபாய்கூட நஷ்டம் தெரியாது. கணக்கில் தெரியாத நஷ்டத்தை யாரும் தேடுவதில்லை. பத்திலிருந்து மூன்றுக்கு இறங்கும் வழியில் அந்த நீராவி ஒரு சிறிய டர்பைனைச் சுற்றியிருக்கலாம். வலுவிழந்த வேறோர் ஆவியை இழுத்து அமுக்கியிருக்கலாம். இரண்டும் நடக்காமல், செய்திருக்க வேண்டிய வேலையெல்லாம் வால்வின் வாய்க்குள்ளேயே முடிந்துபோகிறது.

இன்னொரு பக்கம், அழுத்தமில்லாத ஆவியை வீணாக விடுகிறோம். சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் வாக்குவம் பான் என்ற வெற்றிடப் பாத்திரத்துக்குள் அழுத்தம் குறைவு என்பதால் 60, 65 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். அதற்கு மேல் சூடேற்றினால் சர்க்கரை கெட்டு நிறம் கறுக்கும். அங்கிருந்து எழும் ஆவி, ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரில் தண்ணீரோடு கலந்து, ஸ்ப்ரே குளத்தில் பூவாணமாகத் தெறித்து, தன் வெப்பத்தையெல்லாம் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. நீராவி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அதில் அழுத்தத்தைப் பார் என்ற அலகில் போட்டிருப்பார்கள்; ஒரு பார் ஏறத்தாழ நம் ஒரு ‘கிலோ’தான். 8 பார் அழுத்தமுள்ள நீராவியில் கிலோவுக்கு சுமார் 2,768 கிலோஜூல் வெப்பம். 60 டிகிரியில், ஒரு பாரில் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம்கூட முழுதாக இல்லாத ஆவியில் சுமார் 2,609. வித்தியாசம் நூற்றுக்கு ஆறுகூட இல்லை. நாம் எறியும் ஆவியில் சத்து அப்படியே இருக்கிறது, அழுத்தம்தான் போய்விட்டது. ஒரு பத்து, பன்னிரண்டு டிகிரி ஏற்றிக் கொடுத்தால் அதே ஆவி மறுபடியும் அடுப்பாகும்.

இங்கே அழுத்தத்தைக் கொல்கிறோம். அங்கே அழுத்தம் இல்லையென்று ஆவியை எறிகிறோம். இரண்டையும் சேர்த்துவைக்கும் கருவிக்கு எஜெக்டர் என்று பெயர். எவாப்பரேட்டர் வேலையில் இருக்கிறவர்கள் தெர்மோகம்ப்ரசர் என்பார்கள்.

பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. கை நீளமோ ஆள் நீளமோ ஒரு குழாய்; நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரு முனையிலும் அகன்றிருக்கும். ஒரு முனைக்குள்ளே நாசில் என்ற சிறு மூக்கு. உயர் அழுத்த நீராவி அந்த மூக்கின் தொண்டையைக் கடந்து வெளிப்படும்போது வினாடிக்கு ஆயிரம் மீட்டரை ஒட்டிய வேகம் பிடித்திருக்கும். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தப் பாய்ச்சலைச் சுற்றி அழுத்தம் விழுந்துவிடுவதால், பக்கவாட்டுக் குழாயில் காத்திருக்கும் நலிந்த ஆவி உள்ளே இழுபடுகிறது. இரண்டும் இடுப்புப் பகுதியில் ஒன்றாகக் கலந்து ஓடி, டிப்யூசர் என்ற அகன்ற பகுதிக்கு வந்ததும் வேகம் தணிகிறது. தணிந்த வேகம் அழுத்தமாகிறது. நலிந்த ஆவி இப்போது நடுத்தர அழுத்தத்தில் வெளியே வருகிறது. சுற்றும் பாகம் ஒன்றும் இல்லை. மோட்டார், பேரிங், எண்ணெய், பெல்ட் எதுவும் கிடையாது.

இது அறியாத சங்கதி என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். பல வீடுகளின் கிணற்றுக்குள் இது இருக்கிறது. மேலே இருக்கும் பம்ப் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்ச முடியாது. காற்றின் அழுத்தம் தாங்கக்கூடிய நீரின் உயரமே 10 மீட்டரைச் சற்றுத் தாண்டியதுதான். அதனால்தான் ஜெட் பம்புக்கு இரண்டு குழாய். ஒன்றின் வழியே தண்ணீரைக் கீழே அனுப்பி, அடியிலுள்ள ஜெட்டில் பாய்ச்சினால், அது கிணற்று நீரையும் கூட்டிக்கொண்டு மற்றொன்றில் மேலே ஏறும். சொட்டுநீர்ப் பாசனத்தில் உரம் கலக்க நம் விவசாயிகள் மாட்டும் வென்ச்சுரியும் இதே இனம். சமையல் எரிவாயு அடுப்பில் துளையிலிருந்து பாயும் வாயு காற்றைத் தானே இழுத்துக்கொண்டு பர்னருக்குப் போவதும் இதனால்தான்.

நான் இதை முதலில் பார்த்தது ரயில் இன்ஜினில். என் தகப்பனார் விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். அம்மா கொடுத்தனுப்பும் தூக்குச் சட்டியோடு ஷெட்டுக்குப் போவேன். மீட்டர் கேஜ் ஒய்.பி. இன்ஜின் திருச்சிக்குப் புறப்படத் தயாராக நிற்கும். கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கு அப்பா முதலில் தண்ணீர் வால்வைத் திறப்பார். பிறகு நீராவி வால்வை மெல்லத் திருப்புவார். ஓட்டுநர் மேடைக்குக் கீழே உள்ள வழிவுக் குழாயிலிருந்து தண்ணீர் கொடகொடவென்று கொட்டும். அப்பா காதை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கைப்பிடியை இன்னும் நூலளவு நகர்த்துவார். திடீரென்று கொட்டுவது நின்று, ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் எழும். “பிடித்துக்கொண்டது” என்பார். அந்த நொடியில் அவர் முகம் தெளிவதைப் பார்ப்பதற்காகவே நான் சாப்பாட்டை இறக்கி வைக்காமல் நிற்பேன்.

எனக்குப் புரியாதது ஒன்று. கொதிகலனில் இருக்கும் நீராவியே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அதே கொதிகலனுக்குள் எப்படி நுழையும்? உள்ளிருந்து தள்ளும் அழுத்தமும் அதுதானே? அப்பாவுக்கு விளக்கத் தெரியவில்லை. “அதுதான் இன்ஜெக்டர்” என்று மட்டும் சொன்னார். பாலிடெக்னிக் வந்த பிறகுதான் விடை கிடைத்தது. குளிர்ந்த நீரைத் தொட்டதும் நீராவி சுருங்கித் தண்ணீராகிவிடுகிறது. அது கொண்டுவந்த வேகம் மட்டும் எஞ்சி நிற்கிறது. கனமான தண்ணீர் அந்த வேகத்தோடு மோதும்போது கொதிகலனின் அழுத்தம் வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். 1858இல் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ஹென்றி ஜிஃபார் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1852இலேயே நீராவி இன்ஜின் பூட்டிய ஆகாயக் கப்பலில் பறந்துகாட்டியவர் அவர். அவருடைய இன்ஜெக்டரைப் பார்த்த அந்தக் காலத்துப் பொறியாளர்களே நம்ப மறுத்தார்கள் என்றால், தூக்குச் சட்டியோடு நின்ற பையன் திகைத்ததில் வியப்பில்லை. வாக்குவம் பிரேக் இருந்த நாட்களில் வண்டி முழுவதற்கும் வெற்றிடத்தை உண்டாக்கியதும் இன்ஜினில் இருந்த எஜெக்டர்தான். பிரேக்கை விடுவிக்க வேண்டுமென்றால் முதலில் அது வேலை செய்தாக வேண்டும்.

சித்திரை வெயிலில், இன்ஜினுக்குப் பின்னால் உள்ள டெண்டர் தொட்டியின் தண்ணீர் சூடேறிவிட்டால் இன்ஜெக்டர் பிடிக்காது. அப்பா ஈரச் சாக்கை அதன் மேல் சுற்றித் தண்ணீர் ஊற்றுவார். சூடான நீரில் நீராவி சுருங்காது என்பது அவர் படித்ததில்லை. அவர் கைக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சாக்கைப் பற்றிப் பிறகு மறுபடியும் சொல்கிறேன்.

அமுக்குவதற்கு மட்டுமல்லாமல், குளிரூட்டவும் இந்தக் கருவி பயன்படும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரான்ஸின் மொரிஸ் லெப்லாங் இதைச் செய்துகாட்டினார். மூடிய பாத்திரத்தில் உள்ள தண்ணீரின் மேல் அழுத்தத்தை ஒரு பாரில் நூற்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால், தண்ணீர் 7 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை மீதித் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால், 12 டிகிரியில் இருக்கும் சுமார் 118 லிட்டர் தண்ணீர் 7 டிகிரிக்கு இறங்கும். எழும் ஆவியை இழுத்து வெளியேற்ற நீராவி எஜெக்டர். குளிரூட்டும் பொருளும் தண்ணீர், இயக்குவதும் தண்ணீர். 1930களில் அமெரிக்காவில் பெரிய கட்டடங்களுக்கும் ரயில் பெட்டிகளுக்கும் இப்படித்தான் குளிரூட்டினார்கள். இன்ஜினில்தான் நீராவி இருக்கிறதே! அதே காலத்தில் ஃபிரியான் வாயு வந்தது. மின்மோட்டாரும் கம்ப்ரசரும் மலிந்தன. நீராவிக் குளிரூட்டி ஓரங்கட்டப்பட்டது. ஃபிரியான் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று தெரிந்து 1987இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டிவந்தது. அதற்கு மாற்றாக வந்த வாயுக்கள் புவியைச் சூடாக்குகின்றன என்று 2016இல் கிகாலியில் இன்னொரு திருத்தம். இந்தியாவும் 2021இல் அதை ஏற்றுக்கொண்டது.

இதனால்தான் எஜெக்டர் மறுபடியும் வருகிறது. சாதாரணக் குளிர்சாதனத்தில் கம்ப்ரசர் அரும்பாடுபட்டு ஏற்றிய அழுத்தத்தை எக்ஸ்பேன்ஷன் வால்வு ஒரு நொடியில் கொட்டிவிடுகிறது. அரிசி ஆலை பி.ஆர்.வி. செய்யும் அதே காரியம். அந்த வால்வின் இடத்தில் எஜெக்டரை வைத்தால், இழக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதியைக் கொண்டே கம்ப்ரசரின் சுமையைக் குறைக்கலாம் என்று நார்மன் கே என்ற அமெரிக்கர் 1931இலேயே காப்புரிமை வாங்கிவைத்தார். ஜப்பானின் டென்சோ நிறுவனம் 2003இல் குளிர்சாதன லாரிகளுக்கு அதைச் செய்து விற்றது. 2009இல் வந்த டொயோட்டா பிரியஸ் காரின் ஏ.சி.யிலும் வைத்தது. ஐரோப்பாவில் பல சூப்பர்மார்க்கெட்டுகள் கார்பன் டை ஆக்சைடைக் குளிரூட்டும் பொருளாக வைத்து எஜெக்டரோடு ஓடுகின்றன. அந்த வாயு 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. நம் வெயிலில் 90, 100 பார் வரை ஏற்ற வேண்டியிருக்கும். வால்வில் கொட்டும் இழப்பும் அந்த அளவுக்கு அதிகம். ஆகவே எஜெக்டர் காப்பாற்றிக் கொடுப்பதும் இங்கேதான் அதிகம். சென்னை ஐ.ஐ.டி.யில் நார்வே ஆய்வாளர்களோடு சேர்ந்து, நம் வெப்பநிலைக்கென்றே அப்படியோர் அமைப்பை நிறுவிச் சோதித்திருக்கிறார்கள். கிண்டியில் இருக்கும் இந்த அறிவு திண்டிவனம் ஐ.டி.ஐ.க்கு எப்போது வரும் என்பதுதான் என் கவலை.

என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நொய்யலில் ஒரு சொட்டுக் கழிவும் விடக்கூடாது என்றான பிறகு, சாயக்கழிவை ஆர்.ஓ. வழியே வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக்குவது அந்தப் பகுதி முழுவதும் வழக்கமாயிற்று. சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், அப்படிப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் ஒன்று என்னை ஆலோசனைக்கு அழைத்தது. பெயர் வேண்டாம். விறகுக் கொதிகலன், நான்கு கட்ட எவாப்பரேட்டர், அதன் தலையில் ஒரு தெர்மோகம்ப்ரசர். ஒரு கிலோ நல்ல நீராவி கொடுத்தால் ஒரு கிலோ பழைய ஆவியை இழுத்துக்கொண்டு இரண்டு கிலோவாக முதல் பாத்திரத்துக்குப் போக வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் போயிருக்கிறது. பிறகு விறகுச் செலவு ஏறிக்கொண்டே போக, தெர்மோகம்ப்ரசரே பயனற்றது என்று முடிவுகட்டி, பக்கத்தில் ஒரு பைபாஸ் லைன் போட்டு, பி.ஆர்.வி. வழியே நேராக நீராவியை விட்டுக்கொண்டிருந்தார்கள். மின்மோட்டாரில் ஓடும் ஆவி அமுக்கி வாங்க விலைப்புள்ளியும் கேட்டாயிற்று.

எஜெக்டருக்கு முன்னால் உள்ள ஸ்டீம் ட்ராப்பை முதலில் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. குழாயில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் கருவி அது, சுட வேண்டும். அதன் முன்னால் இருந்த சிறு வால்வு இறுக மூடியிருந்தது. ட்ராப் எப்போதோ ஒழுகியிருக்கிறது. ஏதோ ஒரு ஷிப்டில் யாரோ ஒழுகலை நிறுத்துவதற்காக வால்வை மூடியிருக்கிறார்கள். பதிவேட்டில் ஒரு வரி இல்லை. மூடியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வால்வு எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் நிறுத்தத்தில் நாசிலைக் கழற்றினோம். துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். துருப்பிடிக்காத எஃகில் கண்ணாடி போல் இருக்க வேண்டிய தொண்டை, மழைத்துளி விழுந்த மணல் போல் புள்ளி புள்ளியாகக் குழிந்திருந்தது. ஒரு பக்கம் விரல் நகத்தால் தடவினாலே வரிப்பள்ளம் தட்டுப்பட்டது. ஈர நீராவியின் வேலை. அந்த வேகத்தில் வரும் நீர்த்துளி தண்ணீர் அல்ல, ரவைக்குண்டு. வரைபடத்தில் தொண்டை விட்டம் 12 மில்லிமீட்டர். அளந்தால் 13. ஒரே ஒரு மில்லிமீட்டர்தானே என்றார் மேலாளர். பரப்பில் கணக்கிட்டால் பதினேழு விழுக்காடு கூடுதல். மணிக்கு சுமார் 475 கிலோ நீராவி குடித்தது இப்போது 555 கிலோ குடிக்கிறது. கூடுதல் 80 கிலோ. நாளுக்கு இருபது மணி நேர ஓட்டத்துக்கு ஏறத்தாழ அரை டன் விறகு. அது மட்டுமா? மூக்கு பெருத்தபோதும் இடுப்பு பெருக்கவில்லை. பெருத்த பாய்ச்சலே இடத்தை அடைத்துக்கொள்வதால், பழைய ஆவிக்கு உள்ளே நுழைய வழியில்லை. அதிகம் குடித்துக் குறைவாக இழுத்தது. இதைத்தான் “எஜெக்டர் வேலைக்காகாது” என்று எழுதிவைத்திருந்தார்கள்.

கோயம்புத்தூரில் நல்ல லேத் பட்டறை ஒன்றில் வரைபடத்தைக் கொடுத்துப் புதிய நாசில் கடைந்து வாங்கினோம். ஆன செலவு ஒரு மாத விறகுச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ட்ராப்பை மாற்றி, அதன் வால்வில் சிவப்புத் தகடு ஒன்றைக் கட்டினேன். பைபாஸை மூடிவிட்டு நீராவியைத் திறந்தபோது சிறிது நேரம் உறுமியது. பிறகு அந்த உறுமல் மெல்லிய ஒரே சீரான ரீங்காரமாக மாறியது. “பிடித்துக்கொண்டது” என்று என்னையறியாமல் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒடிசா மாநிலத்துப் பையனுக்கு அந்தச் சொல் புரிந்திருக்காது, ஓசை புரிந்தது. வெற்றிடமானியின் முள்ளைக் காட்டிச் சிரித்தான்.

எஜெக்டரின் குறைகளையும் சொல்லாவிட்டால் நான் விற்பனைக்காரன் ஆகிவிடுவேன். அது பிடிவாதமான கருவி. எந்த அழுத்தத்துக்கு, எந்த அளவுக்கு வடித்தார்களோ, அதில்தான் நன்றாக ஓடும். மில்லில் சுமை பாதியானால் அதுவும் பாதியாகச் சுருங்காது. வெளியேறும் பக்கத்து அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் படிப்படியாகச் சோராது, சட்டென்று கைவிட்டுவிடும். சித்திரை, வைகாசியில் கூலிங் டவர் தண்ணீர் சூடேறும்போது கண்டென்சர் அழுத்தம் ஏறும். குளிர் மிக அவசியமான அந்த நாட்களில்தான் நீராவிக் குளிரூட்டி தடுமாறும். அப்பாவின் ஈரச் சாக்கை நான் மறக்காததற்குக் காரணம் இதுதான். மேலும், ஒரு பங்கு வெப்பம் கொடுத்தால் அதில் பெரும்பாலும் அரைப் பங்கை ஒட்டித்தான் குளிராகத் திரும்பி வரும். இதற்கென்றே புதிதாக விறகு எரித்துக் குளிரூட்டுவது மடமை. எறியும் வெப்பமோ வால்வில் சாகும் அழுத்தமோ இருக்கும் இடத்தில் மட்டுமே இது நியாயம். அப்படிப்பட்ட இடங்கள் நம்மிடம் குறைவா என்ன? நூற்பாலை, சாய ஆலை, காகித ஆலை, பால் பவுடர் ஆலை, சர்க்கரை ஆலை, அரிசி ஆலை. வளைகுடா நாடுகளில் கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் பெரும் நிலையங்களில் தெர்மோகம்ப்ரசர் அன்றாடப் பொருள். அங்கே ஆபரேட்டராக இருந்து திரும்பிய இளைஞர்கள் எங்கள் தெருவிலேயே இருவர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இங்கே பெட்டிக்கடை வைத்திருக்கிறார்.

மின்சார உற்பத்தியிலும் இதன் பங்கு உண்டு. அனல் மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவி, கண்டென்சருக்குள் 0.1 பார் போன்ற மிகக் குறைந்த அழுத்தத்தில், 46 டிகிரி அளவில் நீராகிறது. அந்த வெற்றிடம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவுக்கு அதே நிலக்கரியில் மின்சாரம் கூடுதல். இண்டு இடுக்கில் கசிந்து புகும் காற்றை இடைவிடாமல் வெளியேற்றாவிட்டால் வெற்றிடம் நிற்காது. பழைய நிலையங்களில் அதைச் செய்தவை நீராவி எஜெக்டர்கள். புதியவற்றில் பெரும்பாலும் மின்சார வெற்றிடப் பம்புகள். எது இருந்தாலும் சரி, அதைப் பேணுகிறவருக்கு அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே ஆசிரியர் வழியாக இரண்டு வேண்டுகோள்கள். ஆலைகளில் எரிசக்தித் தணிக்கை செய்கிறவர்கள் விளக்கையும் மோட்டாரையும் எண்ணுகிறார்கள். புகைபோக்கி வெப்பத்தை அளக்கிறார்கள். எத்தனை பி.ஆர்.வி. இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ அழுத்தம் எவ்வளவு நீராவியில் விழுகிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். முன்னேற்பாடாக வேறெதுவும் வேண்டாம். அந்தப் பக்கத்தை ஆலை முதலாளி ஒரு முறை படித்தால் போதும். வால்வின் சீறல் அவர் காதில் வேறு மாதிரி விழும்.

அடுத்தது, கொதிகலன் இயக்குநர் சான்றிதழுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் எஜெக்டரைக் கழற்றிக் காட்டுங்கள். பாடநூலில் குறுக்குவெட்டுப் படம் இருக்கிறது, மதிப்பெண்ணுக்கு வரைகிறார்கள். சென்ற ஆண்டு என் பேரனின் நண்பன், மெக்கானிக்கல் டிப்ளமா கடைசி ஆண்டு, அந்தப் படத்தை அழகாக வரைந்து காட்டினான். “இதில் ஈர நீராவி வந்தால் எது முதலில் கெடும்?” என்று கேட்டேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரப் பையன். அவன் கையில் யாரும் ஒரு நாசிலைக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். வீட்டுக் கிணற்றில் பழுதாகிக் கிடந்த ஜெட்டை அன்றைக்கே இருவருமாகக் கழற்றினோம். மண்ணும் துருவும் அடைத்திருந்த மூக்கைக் குண்டூசியால் சுத்தம் செய்து, திரும்ப மாட்டித் தண்ணீர் வந்ததும் அவனாகவே கேட்டான்: “தாத்தா, நீராவியானால் துரு அடைக்காது, தேயும்தானே?” நான் பதில் சொல்லவில்லை, அவன் சரியாகச் சொல்லிவிட்டான்.

திருப்பூர் நிலையத்தில் கழற்றிய அந்தத் தேய்ந்த நாசிலைப் பழைய இரும்போடு எடைக்குப் போடவிருந்தார்கள். கேட்டு வாங்கி வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுதும் மேசையின் மேல்தான் இருக்கிறது. ஒரு சிறு கரும்புத்துண்டு அளவு. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் எந்தத் தொழிற்பயிற்சி நிலையம் கேட்டாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன். பஸ் செலவு என்னுடையது. விட்டம் அளக்க ஒரு வெர்னியர் அளவுகோலும் ஒரு டார்ச்சும் அவர்கள் வைத்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எவாப்பரேட்டர் பிரிவு ஃபோர்மேன்,
விழுப்புரம்.